18 டாலர் எல்விஸ்: ஷ்ரீவ்போர்ட் ரேடியோவின் சனிக்கிழமை இரவுகள்

இன்னைக்கு ஒரு பழைய ஒலிப்பதிவிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1954 அக்டோபர் 16, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் தெற்கில், லூசியானா மாநிலத்தில் ஷ்ரீவ்போர்ட் என்று ஒரு ஊர். அங்கே முனிசிபல் ஆடிட்டோரியத்தில் ஒரு இசை நிகழ்ச்சி நடக்கிறது. அது அப்படியே ரேடியோவில் நேரடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அறிவிப்பாளர் ஃபிராங்க் பேஜ் ஒரு புதுப் பாடகனை அறிமுகம் செய்கிறார். மெம்ஃபிஸ் ஊர்ப் பையன், 19 வயசு, கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பாட்டு பதிவு செஞ்சான், அது மளமளன்னு மேல ஏறிக்கிட்டிருக்குன்னு சொல்கிறார். அப்புறம் அவனிடமே, இந்தப் பாணியை எப்படிப் பிடிச்சீங்கன்னு கேட்கிறார். உண்மையைச் சொல்லணும்னா இது தற்செயலா கையில மாட்டினதுதான்னு அவன் ரொம்பப் பணிவாகப் பதில் சொல்கிறான். நீங்க அதிர்ஷ்டக்காரர், நாட்டுப்புற இசையில புதுசா ஏதாவது வராதான்னு எல்லாரும் ரொம்ப நாளா தேடிக்கிட்டு இருக்காங்கன்னு பேஜ் சொல்கிறார்.

கவனிச்சீங்களா? 'நாட்டுப்புற இசை'. ராக் அண்ட் ரோல் என்ற பெயர் அந்த மேடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. பாடப்போகிற பையன் எல்விஸ் பிரெஸ்லி.

முதல் தடவை இந்தப் பதிவைக் கேட்டப்போ, நான் ரெண்டு மூணு முறை பின்னாடி தள்ளித் தள்ளிக் கேட்டது அந்தப் பேச்சைத்தான், பாட்டை இல்ல. பரீட்சை அறைக்குள்ள நுழையுற பையன் மாதிரி பேசுறான். பாட ஆரம்பிச்சதும் வேற ஆள் வந்து நிக்கிற மாதிரி இருக்கு.

எல்விஸ்னு சொன்னாலே நமக்கு ஞாபகத்துக்கு வர்றது டிவி. 1956, அந்த இடுப்பு, கத்துற கூட்டம். இந்த எபிசோட்ல அதை ஓரமா வெச்சிடுவோம். அதுக்கு முந்தின ரெண்டு வருஷம், ரேடியோ மட்டும். ஏன்னா ரேடியோவுக்குக் கண் கிடையாது. பாடுறவர் வெள்ளையா கறுப்பான்னு அதைக் கேட்கிறவருக்குத் தெரியாது. சட்டம் போட்டே நிறம் பார்த்து மனிதர்களைப் பிரிச்சு வெச்சிருந்த ஒரு ஊர்ல, கண் இல்லாத அந்தக் கருவி யாருக்குக் கதவைத் திறந்தது, யாருக்குத் திறக்கலைங்கறதுதான் இன்னைக்கு விஷயம்.

ஒரு சின்னக் குறிப்பு. மரியாதைக்கு 'அவர்'னுதான் சொல்லணும். ஆனா இந்தக் கதையில எல்விஸுக்குப் பெரும்பாலும் 19, 20 வயசுதான். அதனால 'அவன்'னே சொல்லிக்கிறேன்.

எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சே?

ரேடியோவுக்கு எல்விஸ் புதுசு இல்ல. 1945-ல், 10 வயதில், சொந்த ஊரான டூப்பிலோவில் நடந்த கண்காட்சிப் போட்டியில் பாடினான். உள்ளூர் ரேடியோ நிலையம் அதை ஒலிபரப்பியது. மைக் எட்டாததால் நாற்காலி மேல ஏறி நின்று பாடினான். நாய் செத்துப்போறதைப் பத்தின ஒரு சோகப் பாட்டு. ஐந்தாவது இடம்தான் கிடைத்தது. 1948-ல் குடும்பம் பிழைப்புக்காக மெம்ஃபிஸுக்குக் குடிபெயர்ந்தது.

அந்த மெம்ஃபிஸில் டபிள்யூடிஐஏ என்று ஒரு ரேடியோ நிலையம் இருந்தது. முதலாளிகள் வெள்ளையர்கள். ஆனால் மைக்குக்கு முன்னால் கறுப்பின அறிவிப்பாளர்கள், கறுப்பின இசை, கறுப்பின நேயர்களுக்கான நிகழ்ச்சிகள். 1940களின் கடைசியிலேயே முழுக்க முழுக்க அப்படி மாறிய முதல் அமெரிக்க நிலையம் அது. பி.பி. கிங் தன் பெயரைச் சம்பாதித்தது அங்கேதான். பேருந்தில் தனி இருக்கை, தனிக் குடிநீர்க் குழாய், தனிப் பள்ளிக்கூடம்னு பிரிச்சு வெச்சிருந்த ஊர்ல, ராத்திரி ஒரு வெள்ளைக்காரப் பையன் ரேடியோவைத் திருகி எந்த நிலையத்தையும் கேட்கலாம். அதைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியலை.

இன்னொரு நிலையமான டபிள்யூஎச்பிக்யூவில் டூயி ஃபிலிப்ஸ் என்ற அறிவிப்பாளர் இருந்தார். வெள்ளையர், ராத்திரியில் போடுவது பெரும்பாலும் கறுப்பர்களின் ப்ளூஸ் பாட்டு. 1954 ஜூலை 5-ஆம் தேதி, சாம் ஃபிலிப்ஸின் சன் ஸ்டுடியோவில் எல்விஸ் 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டைப் பதிவு செய்தான். கூட கிடாரில் ஸ்காட்டி மூர், டபுள் பாஸில் பில் பிளாக். டிரம்ஸ் கிடையாது. பாஸ் தந்திகளை மரத்தில் அறைகிற சத்தம்தான் தாளம். (ரெண்டு ஃபிலிப்ஸும் சொந்தக்காரங்க இல்ல, நண்பர்கள்.)

சில நாளிலேயே டூயி அந்தப் பதிவை ஒலிபரப்பினார். எல்விஸ் பயத்தில் சினிமா தியேட்டரில் போய் உட்கார்ந்துவிட்டான். இங்கே நிலையத்துல போன் மேல போன். டூயி அதையே திரும்பத் திரும்பப் போட்டார். கடைசியில் அப்பா அம்மா தியேட்டருக்குள்ள போய்த் தேடிப் பிடிச்சு, பையனை நிலையத்துக்கு அனுப்பினார்கள்.

எனக்குப் பேட்டி கொடுக்கத் தெரியாது சார்னு எல்விஸ் நடுங்கினான். சும்மா உட்காருன்னு சொல்லிவிட்டு டூயி பேச்சுக் கொடுத்தார். மைக் ஏற்கெனவே திறந்திருந்தது. அது பையனுக்குத் தெரியாது. அந்தப் பேச்சில் ஒரு கேள்வி: எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சே? பதில்: ஹியூம்ஸ்.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம்? மெம்ஃபிஸில் பள்ளிகள் நிறத்தின்படி பிரிக்கப்பட்டிருந்தன. ஹியூம்ஸ் வெள்ளையர் பள்ளி. நம்ம ஊர்ல ஒருத்தர் பேச்சுவாக்குல 'நீங்க எந்தத் தெரு?'ன்னு கேட்டா, அவர் உண்மையில என்ன தெரிஞ்சுக்கப் பார்க்கிறார்னு நமக்குத் தெரியும் இல்லையா? அதே வேலையைத்தான் இந்தக் கேள்வியும் செஞ்சது. குரலைக் கேட்டவர்களில் பலர் பாடுவது கறுப்பர் என்று நினைத்திருந்தார்கள். ஒரே வார்த்தையில் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. அதுக்கப்புறம் அந்தக் குரலுக்கு எல்லா வீட்டுக் கூடத்திலும் இடம் கிடைத்தது.

அதே வருஷம் மே மாதம்தான் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. தெற்கு முழுக்கக் கொதிச்சுக்கிட்டிருந்த நேரம் அது.

நாஷ்வில் கூப்பிடவில்லை, ஷ்ரீவ்போர்ட் கூப்பிட்டது

எல்விஸின் அந்த முதல் இசைத்தட்டுக்கு ரெண்டு பக்கம். ஒரு பக்கம் 'தட்ஸ் ஆல் ரைட்'. ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பின ப்ளூஸ் பாடகர் 1946-ல் பதிவு செய்தது. மறுபக்கம் 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி'; வெள்ளையர் பில் மன்றோவின் புளூகிராஸ் பாட்டு. மெதுவான மூன்று தாள வால்ட்ஸ். எல்விஸ் அதை நான்கு தாளத்துக்கு மாற்றி ஓட விட்டான். க்ரூடப் பாட்டையும் மன்றோ பாட்டையும் ஒரே ஆள், ஒரே மாதிரி துள்ளிப் பாடுறான். இது எந்த அலமாரியில வைக்கிற இசைன்னு கடைக்காரர்களுக்கே புரியவில்லை.

அக்டோபர் 2-ஆம் தேதி நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி'யில் பாட வாய்ப்பு வந்தது. அந்தக் காலத்தில் கன்ட்ரி இசைக்கு அதுதான் பெரிய கோவில். ஒரே ஒரு பாட்டு, மன்றோவின் பாட்டு மட்டும். கூட்டம் மரியாதைக்குக் கை தட்டியது. ஆப்ரி அவனை மறுபடி கூப்பிடவில்லை. இதுல ஒரு சுவாரசியம்: தன் பாட்டை மாத்திட்டான்னு மன்றோ கோவிக்கவில்லை. அந்த வருஷமே அவரும் அதே பாட்டை, பாதியில் நான்கு தாளத்துக்கு வேகமெடுக்கிற மாதிரி, மறுபடி பதிவு செய்தார்.

இரண்டே வாரத்தில் 'லூசியானா ஹேரைட்' கூப்பிட்டது. 1948-ல் கேடபிள்யூகேஎச் நிலையம் தொடங்கிய சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி. ஆப்ரி சேர்த்துக்கொள்ளாத ஆட்களுக்கு இடம் கொடுப்பதுதான் அதன் பெருமை. ஹேங்க் வில்லியம்ஸ் முதலில் பெரிய ஆளானது இங்கேதான். 1952-ல் ஆப்ரி அவரை வெளியே அனுப்பியபோது திரும்பி வந்து பாடியதும் இங்கேதான்.

இங்க கொஞ்சம் ரேடியோ பாடம். கேடபிள்யூகேஎச்சின் சக்தி 50,000 வாட். அமெரிக்காவில் மத்திய அலை நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு அது. பகலில் மத்திய அலையை வானத்தின் மின்னூட்ட அடுக்குகளில் கீழே இருப்பது விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அலை இன்னும் உயரத்துக்குப் போய், அங்கே பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தாண்டி இறங்கும். அதனால ஷ்ரீவ்போர்ட் மேடையில சனிக்கிழமை ராத்திரி ஒருத்தன் தொண்டையைச் செருமினா, பல மாநிலங்கள்ல சமையலறையில உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் கேட்கும்.

அந்த முதல் இரவில் எல்விஸ் இரண்டு தடவை மேடை ஏறினான். முதல் தடவை விறைப்பு, கூட்டமும் அப்படித்தான். இடைவேளையில் சாம் ஃபிலிப்ஸ் பின்னால் போய், யோசிக்காதே, உனக்கு வர்ற மாதிரி பாடு என்று தைரியம் சொன்னார். இரண்டாவது தடவை இளவட்டங்கள் அதிகம் இருந்தார்கள், அரங்கம் கிளம்பிவிட்டது. நேரடி ஒலிபரப்பில் இதுதான் அழகு. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி சொதப்பினதும் காற்றோடு போச்சு. இப்போ ஜெயிச்சதும் காற்றோடு போச்சு. அழிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

சனிக்கிழமைதோறும் ஒரு பயிற்சி

நவம்பர் 6-ஆம் தேதி ஒரு வருட ஒப்பந்தம். 21 வயது ஆகாததால் அப்பா வெர்னனும் அம்மா கிளாடிஸும் கையெழுத்துப் போட்டார்கள். சம்பளம், சனிக்கிழமைக்கு எல்விஸுக்கு 18 டாலர். ஸ்காட்டிக்கும் பில்லுக்கும் தலைக்கு 12. மெம்ஃபிஸிலிருந்து ஷ்ரீவ்போர்ட்டுக்கு ரோட்டில் சுமார் 560 கிலோமீட்டர். பெட்ரோலுக்கே என்ன மிஞ்சும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஆனாலும் எலக்ட்ரிகல் கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த லாரி ஓட்டும் வேலையை விட்டான்.

காரணம் அந்த 50,000 வாட். சனிக்கிழமை பாட்டு எங்கெல்லாம் கேட்டதோ, அந்த ஊர்களில்தான் திங்கள் முதல் வெள்ளி வரை கச்சேரி. கிழக்கு டெக்சஸ், ஆர்கன்சா, மிசிசிப்பி. பள்ளிக்கூட ஜிம்மில் பாடுவார்கள், சங்கக் கட்டடத்தில் பாடுவார்கள். பாஸைக் கார் கூரை மேல கட்டிக்கிட்டு, சனிக்கிழமை எப்படியாவது ஷ்ரீவ்போர்ட் வந்து சேரணும். நிகழ்ச்சியில் ஒரு டோனட் கடை விளம்பரத்துக்குக்கூடப் பாடினான்.

அந்த மேடையில் அவன் கற்றது நிறைய. ஹேரைட்டின் சொந்த டிரம்மர் டி.ஜே. ஃபோன்டானா. கன்ட்ரி மேடையில் டிரம்ஸ் தெரிஞ்சா மரியாதை இல்லைங்கறதால, அவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்ததும் உண்டு. ஃபோன்டானா ஷ்ரீவ்போர்ட்டின் இரவு விடுதிகளில் நடனக்காரிகளுக்கு வாசித்தவர். ஆடுகிறவரின் கால் எங்கே விழும், தோள் எப்போ குலுங்கும்னு பார்த்து அடிக்கத் தெரிந்தவர். எல்விஸின் கால் ஆட ஆட, அதற்கு அடி விழுந்தது. 1955-ல் அவர் நிரந்தரமாகக் குழுவில் சேர்ந்தார். நாம கேட்கிற எல்விஸ் தாளம் பெரும்பாலும் அவருடையது.

இசைத்தட்டில் இல்லாத பாட்டுகளையும் எல்விஸ் இங்கே முயன்று பார்த்தான். 'ட்வீடில் டீ' ஒன்று, சக் பெர்ரியின் 'மேபலீன்' இன்னொன்று. ரெண்டையும் அவன் ஸ்டுடியோவில் பதிவு செய்ததே இல்லை. ஹேரைட் பதிவுகள் தப்பிப் பிழைத்ததால்தான் இன்னைக்கு அவை நம்ம காதுக்குக் கிடைக்கின்றன.

'ட்வீடில் டீ' கதை தனியாகச் சொல்லவேண்டியது. அதை முதலில் பாடியவர் லவெர்ன் பேக்கர் என்ற கறுப்பினப் பாடகி. பாட்டு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே, ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளையர் பாடகி இசையமைப்பு, ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் கிட்டத்தட்ட அச்சு எடுத்த மாதிரி பாடி வெளியிட்டார். அதுதான் பெரிய வெற்றி. இசைக்கோப்பைப் பாதுகாக்க அன்றைய பதிப்புரிமைச் சட்டத்தில் வழி இல்லை. 1955-ல் பேக்கர் தன் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதி, சட்டத்தை மாத்துங்கன்னு கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அதே வருஷம்தான் எல்விஸ் அந்தப் பாட்டை ஹேரைட்டில் பாடிக்கொண்டிருந்தான்.

எல்விஸ் திருடினானா? இந்தக் கேள்வி எப்பவும் வரும். என் பார்வையைச் சொல்றேன். அவன் யாரையும் அச்சு எடுக்கவில்லை. க்ரூடப் பாட்டையும் அவன் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டா வித்தியாசம் தெரியும். எங்கிருந்து வந்ததுன்னு மறைக்கவும் இல்லை. 1956-ல் புகழின் உச்சியில் இருக்கும்போது, ஒரு தெற்கத்திப் பத்திரிகைக்காரரிடம், டூப்பிலோவில் இருந்த நாட்களிலேயே க்ரூடப்பைக் கேட்டவன் நான், அவர் மாதிரி உணர்ந்து பாடணும்னுதான் ஆசைப்பட்டேன்னு பெயர் சொல்லியே பேசினான். அன்றைய சூழ்நிலையில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனா ஒருத்தர் நல்லவரா கெட்டவரான்னு பார்த்தா இந்தக் கதை புரியாது. ஹேரைட்டில் நட்சத்திரங்களாக வளர்க்கப்பட்டவர்கள் வெள்ளையர்கள். அந்த மேடைக்கு க்ரூடப்பின் பாட்டு வந்தது. பாடினவர் வரவில்லை.

டிவியும் சனிக்கிழமைதான்

1955 முடிவதற்குள் எல்லாம் மாறியது. ஹேரைட் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. 18 டாலர் 200 ஆனது. நவம்பரில் ஆர்சிஏ நிறுவனம் சன் கம்பெனியிடமிருந்து அவனை 35,000 டாலருக்கு வாங்கியது. 1956 ஜனவரி 28 முதல் தேசிய டிவி. சிக்கல் என்னன்னா, அந்த டிவி நிகழ்ச்சியும் சனிக்கிழமை ராத்திரிதான். ஒரே ஆள் நியூயார்க்கிலும் ஷ்ரீவ்போர்ட்டிலும் எப்படி நிற்பது? ஏப்ரலில் மேனேஜர் டாம் பார்க்கர் 10,000 டாலர் கொடுத்து ஹேரைட் ஒப்பந்தத்தை முறித்தார். கூடவே, ஒரு கச்சேரி இலவசமாகச் செய்துகொடுப்பதாக ஒப்புக்கொண்டார்.

அந்தக் கச்சேரி 1956 டிசம்பர் 15. ஒய்எம்சிஏ-வுக்கு நிதி திரட்ட. கூட்டத்தை முனிசிபல் ஆடிட்டோரியம் தாங்காது என்பதால் கண்காட்சித் திடலில் இருந்த பெரிய அரங்கத்துக்கு மாற்றினார்கள். இந்தப் பதிவும் கிடைக்குது. 1954 பதிவுக்குப் பக்கத்துல வெச்சுக் கேளுங்க. முன்னதுல கிடார் தந்தி ஒவ்வொண்ணும் தனியா கேட்கும். இதுல கேட்கிறது கிறீச்சுன்னு ஒரே கத்தல். அதுக்கு நடுவுல எங்கேயோ ஒருத்தன் பாடிக்கிட்டிருக்கான். அவனுக்கே தன் குரல் கேட்டிருக்குமான்னு எனக்குச் சந்தேகம்.

பாடி முடித்ததும் கூட்டம் மொத்தமும் வாசலுக்கு ஓடியது. மற்ற பாடகர்கள் இன்னும் பாட வேண்டியிருந்தது. உட்காருங்க, எல்விஸ் கட்டடத்தை விட்டே போயிட்டார்னு நிகழ்ச்சித் தலைவர் ஹொரேஸ் லோகன் மைக்கில் கெஞ்சினார். பின்னாளில் உலகம் முழுக்க நகைச்சுவையாகப் பரவிய அந்த வரி, முதலில் ஒரு வேண்டுகோள். மிச்சமிருக்கும் பாடகர்களையும் தயவுசெய்து கேட்டுட்டுப் போங்க என்பதுதான் அதன் அர்த்தம்.

யாரும் கேட்கவில்லை. பழைய கன்ட்ரி நேயர்கள் ஒதுங்கிவிட்டார்கள். எல்விஸுக்காக வந்த இளைஞர்களும் அவன் பின்னாலேயே போய்விட்டார்கள். 1960-ல் ஹேரைட்டின் வாராந்திர நிகழ்ச்சி நின்றது. 18 டாலருக்கு ஒரு பையனை வளர்த்துவிட்ட மேடை, அவன் வளர்ந்த பிறகு நான்கு வருஷம்கூடத் தாங்கவில்லை.

ஆர்தர் க்ரூடப்புக்கு என்ன ஆச்சு?

எல்விஸ் ஹேரைட்டில் முதல் முதலில் பாடிய பாட்டு அவருடையது. அந்தப் பாட்டுக்கு வரவேண்டிய ராயல்டி அவர் கைக்குச் சரியாக வரவே இல்லை. மற்றவர்கள் பணக்காரர்களாகிறார்கள், நான் ஏழையாகவே இருக்கிறேன் என்று அலுத்துப்போய், 1950களிலேயே பல வருஷம் பதிவு செய்வதை நிறுத்தினார். வர்ஜீனியாவில் பண்ணைத் தொழிலாளர்களோடு வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1970களின் தொடக்கத்தில் பாட்டு உரிமை நிறுவனத்தோடு சுமார் 60,000 டாலருக்குப் பேச்சு முடிந்து, பிள்ளைகளோடு நியூயார்க் போய்க் கையெழுத்தும் போட்டார். கடைசி நிமிஷத்தில் அந்த நிறுவனம் மறுத்துவிட்டது. வெறுங்கையோடு ஊர் திரும்பினார். 1974-ல் இறந்தார். அவர் போன பிறகுதான் குடும்பத்துக்குப் பணம் வரத் தொடங்கியது.

ரேடியோவுக்குக் கண் இல்லைன்னு ஆரம்பத்துல சொன்னேன். அது உண்மைதான். அதனாலதான் க்ரூடப்போட இசை ஒரு ஏழை வெள்ளைக்காரப் பையனோட காதுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனா 'எந்தப் பள்ளிக்கூடம்?'னு கேட்கிற வாய் அந்த ரேடியோவுக்கு இருந்தது. யார் பேரை எழுதணும், யாருக்குக் காசோலை அனுப்பணும்னு முடிவு பண்ற கையும் இருந்தது.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. முதல்ல க்ரூடப்போட 1946 பதிவைக் கேளுங்க. அப்புறம் 1954 அக்டோபர் 16 ஹேரைட் பதிவு. ரெண்டும் சேர்ந்து அஞ்சாறு நிமிஷம்தான். ரெண்டுலயும் டிரம்ஸ் இருக்கான்னு காது கொடுத்துக் கேட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.